காரில் வழிகாட்டிக் கருவி பொருத்துதல்: புல்மோட்டைச் சூழல்

கழற்றி மாட்டக்கூடிய வழிகாட்டிக் கருவியைப் பொருத்துவதென்றால் முன் கண்ணாடியில் ஒட்டுவதோடு வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரிய வேலை அதில் ஏற்றும் வரைபடத்தில் இருக்கிறது என்பதற்குத் திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள புல்மோட்டை நல்ல சான்று. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகளில் நான்கின் சமிக்ஞையாவது கிடைத்தால் கருவி தன் இருப்பிடத்தைக் கணித்துவிடும். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்திவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத்தில் நிறுத்தியதிலிருந்து, திறந்த வெளியில் பிசகு சில மீற்றர்தான். ஆனால் எந்த வழியில் கார் போகும் என்பது செய்மதிக்குத் தெரியாது. கடலேரியின் முகத்துவாரத்துக்கு அப்பால் கண்ணெட்டும் தூரத்தில் இருக்கிறது கொக்கிளாய் ஊர். படகில் போகலாம், காரில் போவதென்றால் கடலேரியைச் சுற்றி வெலிஓயாப் பக்கமாகத்தான் போக வேண்டும். தெற்கே கதை தலைகீழ்: இறக்கக்கண்டியிலும் யான் ஓயாவிலும் வாகனங்களை ஏற்றி இறக்கிய மிதவைப் பாதைகள் போய், போருக்குப் பின் பாலங்கள் வந்துவிட்டன. பழைய வரைபடத்துக்கு அது தெரியாது.

சில சாலைகளே உள்ள ஊருக்கு வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். ஊர்க்காரருக்குத் தேவையில்லைதான், பதவியாப் பக்கமிருந்து இரவில் வரும் வெளியூர் லொறிக்காரருக்குத் தேவை. கைப்பேசியே போதாதா என்றால், போதும். ஆனால் சிக்னல் விட்டுப்போகும் இடங்களுக்காக வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். புல்மோட்டைக் கடற்கரையிலுள்ள இல்மனைட் மணல் காந்தத்தால் ஈர்க்கப்படுவது, இங்குள்ள கனிய மணல் ஆலையில் அதைப் பிரிப்பதே அப்படித்தான். ஆகவே கருவி குழம்பும் என்ற ஐயமும் எழலாம். செய்மதிக் கணிப்புக்குக் காந்தத்தோடு தொடர்பில்லை. கைப்பேசியின் திசைகாட்டியைக் குழப்புவது, கையோடு வாங்கி வைக்கும் காந்தத் தாங்கிதான். வண்டி நகரத் தொடங்கினால் அந்தக் குழப்பமும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பொருத்தும் இடத்தைப் பொறுத்தவரை, சாரதி வலப்பக்கம் அமரும் இலங்கை வண்டிகளில் கண்ணாடியின் வலது கீழ்மூலை ஏற்றது: பார்வை மறையாது, வானமும் தெரியும். காற்றுப்பை விரியும் இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது. தாங்கியின் ரப்பர்க் கிண்ணத்தைக் கண்ணாடியில் ஒட்டுமுன் கடலோர உப்புப் படிவைத் துடைத்தெடுக்காவிட்டால், வெயிலேறியதும் கழன்று விழும். வண்டியை நிறுத்தும்போது கருவியைக் கழற்றிவிடுவது பற்றரிக்கு நல்லது. காரின் மின்சாரம் 12 வோல்ட், லொறியினது பெரும்பாலும் 24. இரண்டையும் ஏற்கும் சார்ஜர் வேண்டும். பழைய கருவியானால் அதன் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும்: ஜிபிஎஸ் வார எண் 1,023-ஐ எட்டி மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பிய 2019 ஏப்ரல் 6-க்குப் பின், புதுப்பிக்காத சில கருவிகள் தவறான திகதியைக் காட்டின.