முட்டை கொடுத்தவர்கள்

2008ஆம் ஆண்டு ஆடி மாதம், மதுரையில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் பன்னிரண்டு நாட்கள் எனக்குப் பெயர் இல்லை. "டோனர் வந்தாச்சா?" என்று செவிலியர் கேட்பார். நான் எழுந்து போவேன். கூட வந்திருந்த என் பெரியம்மா மகள், அதாவது என் அக்கா, 'பேஷண்ட்'. இரண்டு சொற்களும் ஒரே கோப்பில் இருந்தன.

அக்காவுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. முப்பத்தொன்றிலேயே மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. சினைப்பையில் முட்டை இல்லை, யாராவது கொடுத்தால் கர்ப்பப்பை தாங்கும் என்றார் மருத்துவர். எனக்கு முப்பது வயது, நான்கு வயதில் ஒரு மகன், கல்லூரி வேலை. அக்கா என்னிடம் கேட்கவில்லை. பெரியம்மாதான் கேட்டார், அதுவும் அடுப்படியில் வைத்து, குரலைத் தாழ்த்தி: "உனக்கு மாசாமாசம் வீணாப் போறதுதானேடி." நான் சரி என்றேன். ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று பெரியம்மா தள்ளிப்பார்த்தார். மருத்துவரின் நாட்காட்டி என் மாதவிலக்கை மட்டுமே கணக்கில் கொண்டது.

வீணாகப் போவது என்ற அந்தச் சொல் என்னை நெடுநாள் உறுத்தியது. ஒரு பெண் பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம் மிஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறக்குறைய நானூறுதான். அதை எடுத்துக் கொடுப்பதென்பது மரத்திலிருந்து பழம் உதிர்வதுபோல் அல்ல. தினமும் வயிற்றில் ஊசி. கடைசி ஊசி போட்டு முப்பத்தாறு மணி நேரம் ஆவதற்குள் மயக்கம் கொடுத்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி, யோனி வழியாக நீளமான ஊசியைச் செலுத்தி உறிஞ்சி எடுக்கிறார்கள். ஊசி மருந்துக்கு உடல் அளவுமீறி எதிர்வினை செய்தால் சினைப்பைகள் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு வயிறு உப்பிப் புடவைக் கொசுவம் நிற்காமல் போனது. அதோடு தப்பினேன்.

பெண்ணுக்கு முட்டை உண்டு என்பதையே உலகம் மிகத் தாமதமாகத்தான் கண்டது. ஆண் விதை, பெண் நிலம் என்பது மனுஸ்மிருதி முதல் நம் வீட்டுத் திண்ணைவரை நீண்ட பேச்சு. நிலத்துக்குச் சொந்தமாக விதை இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 1827இல்தான் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் ஒரு பெண் நாயின் சினைப்பையில் பாலூட்டியின் முட்டையை முதன்முதலாகப் பார்த்தார். ஆனாலும் 'மலடி' என்ற சொல் வழக்கொழியவில்லை. 'மலடன்' அகராதியில் இருக்கிறான், தெருவில் அவனை யாரும் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை.

உடலுக்கு வெளியே மனித முட்டையை முதலில் கருவுறச் செய்தவர் ஒரு பெண். அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே, ஜான் ராக் என்ற மருத்துவரின் ஆய்வகத்தில் வேலை பார்த்த மிரியம் மென்கின். ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்தும், கட்டணம் கட்ட முடியாமல் பட்டம் பெறாதவர். 1944 பிப்ரவரியில், பல் முளைக்கும் கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த களைப்பில், முட்டையையும் விந்தணுவையும் வழக்கத்தைவிட அதிக நேரம் சேர்த்து வைத்துவிட்டார். அதுவே பலித்தது. இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: அந்த முட்டைகள் யாருடையவை? கருப்பை அறுவைக்காக அந்த மருத்துவமனைக்கு வந்த பெண்களுடையவை. மென்கின் பெயரையாவது இன்று தேடி எடுத்துவிட்டோம். அந்தப் பெண்களின் பெயர் எந்த நூலிலும் என் கண்ணில் படவில்லை.

என் வயிற்றில் ஏறிய மருந்துக்கும் ஒரு பூர்வகதை உண்டு. முட்டையைத் தூண்டும் ஹார்மோன், மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரில் நிறைய இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் அதை மருந்தாக்க இத்தாலிய நிறுவனம் ஒன்று முனைந்தபோது, லிட்டர் லிட்டராகச் சிறுநீர் தேவைப்பட்டது. அதைத் தந்தவர்கள் வயதான கன்னியாஸ்திரிகள். பிள்ளைப்பேற்றை விலக்கி வாழ்ந்த கிழவிகளின் உடலிலிருந்துதான் பிள்ளைவரத்தின் மருந்து வந்தது. அரசமரம் சுற்றியும் தொட்டில் கட்டியும் வேண்டிக்கொண்ட என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "புண்ணியவதிகள்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். முதல் சோதனைக் குழாய்க் குழந்தை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ என்ற இரண்டு பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாமவர் ஜீன் பர்டி. ஆய்வகத்தை நடத்தியவர், அந்தக் கரு பிளவுபடுவதை நுண்ணோக்கியில் பார்த்தவர். ஓல்டாமில் கல்வெட்டு வைத்தபோது அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி எட்வர்ட்ஸ் கடிதம் எழுதியும் சேர்க்கவில்லை. பர்டி 1985இல் முப்பத்தொன்பது வயதில் இறந்தார்.

பர்டியைவிட அதிகமாக என்னை அலைக்கழிப்பது வேறொரு கணக்கு. 1969 முதல் 1978 வரை அந்தக் குழுவிடம் வந்த பெண்கள் 282 பேர். முட்டை எடுக்க 457 முறை அவர்கள் வயிற்றைத் துளைத்தார்கள். கரு வைத்தது 112 முறை. கர்ப்பம் ஐந்து. உயிரோடு பிறந்த குழந்தைகள் இரண்டு. பிள்ளை வேண்டித்தான் எல்லோரும் வந்தார்கள். மிச்சமிருந்த 280 பேரின் உடல்களில்தான் மருத்துவம் கற்றுக்கொண்டது. அவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

ஒரு பெண்ணின் முட்டை இன்னொருத்தியின் வயிற்றில் வளரும் என்பது சில ஆண்டுகளில் உறுதியானது. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, சினைப்பை செயலிழந்த ஒரு பெண்ணுக்குத் தானமுட்டையால் கர்ப்பம் உண்டாக்கியதை 1984இல் அறிவித்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவிலும் வேறொரு முறையில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வந்தது. என் அக்காவின் வைத்தியம் அங்கிருந்து புறப்பட்டு வந்ததுதான்.

அதற்கு நாம் வைத்த பெயர் கருமுட்டை தானம். தமிழ் படித்தவளாக இந்தச் சொல்லிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். கன்னிகாதானத்தில் கொடுப்பவர் தந்தை, கொடுக்கப்படுவது பெண். இங்கே பெண்ணே கொடுப்பவள் என்கிறோம். உண்மையில் அப்படியா? 2010இல் மும்பையில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி முட்டை எடுத்தபின் இறந்தாள். 2022இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியின் முட்டைகள் பலமுறை விற்கப்பட்டது வெளியே வந்தது. ஆதார் அட்டையில் வயதைக் கூட்டியிருந்தார்கள். கைதானவர்களில் அவளுடைய தாயும் இருந்தார். ரசீதில் அதுவும் தானம் என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

2021இல் நிறைவேறிய சட்டம், கொடுப்பவரின் வயது 23 முதல் 35 வரை, வாழ்நாளில் ஒருமுறைதான், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, விற்பனை குற்றம், கொடுப்பவருக்குக் காப்பீடு வேண்டும் என்கிறது. இவை தேவையான வேலிகள். ஆனால் வட்டிக்குப் பணம் வாங்கியவள் வீட்டு வாசலில் தரகர் வந்து நிற்கும்போது, 'இலவசமாகக் கொடு' என்னும் சட்டம் அவளுக்கு எதைத் தருகிறது? விலையை ஒழித்த சட்டம் அவளுடைய வறுமையை அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

எனக்கு வறுமை இல்லை, தரகர் இல்லை. என் சம்மதமும் பொய்யில்லை. ஆனால் படிவத்தில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கணவரின் கையெழுத்து கேட்டார்கள். 'வேண்டாம் என்று தோன்றினால் எப்போது நிறுத்தலாம்' என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சம்மதம் என்பது முதல் நாள் தலையாட்டுவதோடு முடிவதில்லை என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

பதினோரு முட்டை எடுத்தார்கள். இரண்டு முறை கரு வைத்தார்கள். இரண்டும் தங்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. "முட்டை சரியில்லையாம்." அத்தானின் விந்தணுவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பத்து வருடம் அக்கா சுமந்த பழி, சத்தமில்லாமல் என்னிடம் பாதி வந்து சேர்ந்தது. பிள்ளை பெற்றவளான எனக்கே அது அப்படிச் சுட்டது. அக்கா எப்படித் தாங்கியிருப்பாள் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். ஆனாலும் இரண்டு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கொடுத்ததைப் பற்றிச் சொல்ல எனக்கும், வாங்கியதைப் பற்றிச் சொல்ல அவளுக்கும் ஒரு சொல் இல்லாமல் போயிற்று. பெரியம்மாவின் காரியத்தன்று பாத்திரம் கழுவும் இடத்தில் எதிரெதிரே நின்றோம். அவள்தான் முதலில் அழுதாள்.

அக்காவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லித்தருகிறாள். அவள் அனுமதி இல்லாமல் இதை அச்சுக்கு அனுப்பமாட்டேன் என்று, முழுவதையும் போனில் படித்துக் காட்டினேன். அந்த 282 பெண்கள் பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "திரும்பவும் படி" என்றாள். படித்தேன்.

"அந்த 280 பேர்ல யாரும் யாரையும் குத்தம் சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

"நம்ம ரெண்டு பேரையும் அந்தக் கணக்குல சேர்த்துக்கோ" என்றாள். சேர்த்துவிட்டேன்.