ஒரு வருஷம் வீணாகுமா? – அயல்நாட்டுத் தொண்டு ஆண்டின் கதை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் எங்கள் காட்கோபர் வீட்டில் ஒரு சின்னப் பிரளயம். என் மகள் வயிற்றுப் பேத்தி, நல்ல மார்க் வாங்கியவள், சாப்பிட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "தாத்தா, நான் இந்த வருஷம் காலேஜ்ல சேரல. கம்போடியாவுக்குப் போய் ஒரு அநாதை இல்லத்துல வாலண்டியரா இருக்கப் போறேன். இதுக்கு கேப் இயர்னு பேரு."

என் மகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்களே சொல்லுங்க. ஒரு வருஷம் வீணாப் போயிடாதா?"

ஏற்பாடு செய்யும் நிறுவனத்தின் வண்ணக் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு நாட்டில் நான்கு வாரம் குழந்தைகளோடு, இன்னொரு நாட்டில் நான்கு வாரம் கடல் ஆமைகளோடு என்று பட்டியல் நீண்டது. கட்டணம் மூன்று லட்சத்துக்கு மேல், விமான டிக்கெட் தனி. தொண்டு செய்யப் போகிறவர் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். "ஒரு வாரம் டைம் கொடும்மா" என்றேன். அந்த ஒரு வாரம் இரண்டு மாதமானது. அப்போது படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் மலர் வாசகர்களுக்கு எழுதுகிறேன். இன்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழுகிறது என்பதால் சிலருக்காவது பயன்படலாம்.

வெர்டூனிலிருந்து பீகாருக்கு

பிற நாட்டில் போய் உடலுழைப்பால் தொண்டு செய்வது என்ற இயக்கத்தின் தொடக்கத்தை 1920-ல் காணலாம். பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர், முதல் உலகப் போரில் சிதைந்துபோன வெர்டூன் பகுதியில் எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்தைத் திரும்பக் கட்ட ஒரு சிறு குழுவோடு போனார். இவருடைய தந்தை சுவிஸ் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை சுட்டவன் இன்று செங்கல் தூக்க வருகிறான்! போர்க் காயம் ஆறாத இடத்தில் எதிர்ப்பு எழுந்தது. குளிர்காலம் முழுவதும் உழைத்தவர்கள் 1921 வசந்தத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று. 'சர்வதேச குடிமைச் சேவை' என்ற அமைப்பு அந்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான்.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம். வீடுகள் இடிந்ததோடு போகவில்லை. பூமி பிளந்து மணல் பொங்கி வயல்களை மூடியது. நில மட்டம் மாறியதால் வெள்ள அபாயமும் கூடியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு இயங்கியது. செரசோல் அதே ஆண்டில் இந்தியா வந்தார். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். முசாபர்பூர் பக்கம், வெள்ளத்தில் மூழ்கும் கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில், ஊர் மக்களோடு சேர்ந்து மண் சுமந்தார். 1937 வரை போவதும் வருவதுமாக இருந்தார். அவரோடு வந்த ஐரோப்பியர் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆள்பலத்துக்கு இந்தியாவில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இல்லை. நாலு வெள்ளைக்காரர் மண்வெட்டி பிடித்ததால் எவ்வளவு வேலை நடந்திருக்கும்? ஆனால் ஆளும் இனத்தவர் என்று கருதப்பட்டவர்கள் கூலி வாங்காமல் ஊராரோடு கூடை தூக்கியதை அந்தக் கிராமங்கள் அதற்குமுன் பார்த்திருக்காது.

பம்பாயிலிருந்து போன ஒருவர்

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு நம் மகாராஷ்டிரத்திலேயே பதில் இருக்கிறது. சோலாப்பூரில் 1910-ல் பிறந்த துவாரகாநாத் கோட்னிஸ், பரேல் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மேற்படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், ஜப்பானின் தாக்குதலுக்கு ஆளான சீனத்திலிருந்து மருத்துவ உதவி கேட்டு நேருவுக்கு வேண்டுகோள் வந்தது. சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்த 1938-ல் ஐந்து டாக்டர்கள் கொண்ட குழு பம்பாயிலிருந்து கப்பலேறியது. கோட்னிஸ் அதில் ஒருவர்.

மற்ற நால்வரும் காலப்போக்கில் திரும்பினார்கள். கோட்னிஸ் தங்கிவிட்டார். சீன மொழி கற்றார். அந்த மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1941-ல் பெத்யூன் பெயரிலான மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார், அங்கேயே ஒரு செவிலியரை மணந்தார். 1942 டிசம்பரில், முப்பத்திரண்டு வயதில், வலிப்பு நோயால் காலமானார். சாந்தாராம் 1946-ல் எடுத்த இந்திப் படத்தால் நம் தலைமுறைக்கு அவர் பெயர் தெரியும். மேற்படிப்பு நின்றுபோனதே என்று அவரை நினைத்து யாராவது பரிதாபப்பட்டிருப்பார்களா?

பதினெட்டு வயதுப் பையன்கள்

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு வருஷம் என்ற இன்றைய வடிவம் 1958-ல் பிரிட்டனில் உருவானது. கட்டாய ராணுவ சேவை முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம். பதினெட்டு வயதில் படைக்குப் போக வேண்டிய பையன்களுக்குத் திடீரென்று கையில் நேரம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் நுழைவுத் தேர்வைப் பள்ளியிலேயே கூடுதலாக ஒரு பருவம் தங்கி டிசம்பரில் எழுதியவர்களுக்கு அடுத்த அக்டோபர் வரை வேலை இல்லை. இவர்களை அயல்நாடுகளுக்குத் தொண்டுக்கு அனுப்பலாமே என்று போர்ட்ஸ்மவுத் பிஷப்பின் பெயரில் ஒரு செய்தித்தாளில் கடிதம் வெளியானது. அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் அலெக் டிக்சன். அவரும் மனைவி மோராவும் தொடங்கியதுதான் வி.எஸ்.ஓ. என்ற அமைப்பு. சரவாக், கானா போன்ற இடங்களுக்குப் பள்ளி முடித்த பையன்கள் போனார்கள்.

சில வருஷங்களிலேயே ஒரு சங்கடம் எழுந்தது. போன இடத்தில் இருந்தவர்கள், "பையன் நல்ல பையன்தான், ஆனா அவனுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1962 முதல் வி.எஸ்.ஓ. பட்டதாரிகளை அனுப்பத் தொடங்கி, மெல்ல மெல்லத் தொழில் தெரிந்தவர்கள் பக்கம் சாய்ந்தது. கேட்பது நியாயமான கேள்வி. என் பேத்தி விஷயத்திலும் நான் மறக்கக்கூடாத கேள்வி.

ஒரு தபால் அட்டை

1960 அக்டோபரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் காத்திருந்த மாணவர்களிடம், உங்களில் எத்தனை பேர் கானாவில் போய்ப் பணியாற்றத் தயார் என்று கேட்டார் கென்னடி. ஜனாதிபதியானதும் 1961 மார்ச் 1-ஆம் தேதி அமைதிப் படையை நிறுவினார். இரண்டு வருஷப் பணி. முன்னதாக மொழிப் பயிற்சி. உள்ளூர்க்காரர் வாழ்கிற மாதிரி வாழ்வதற்கான படி மட்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் நைஜீரியாவின் இபாதான் நகரில் பயிற்சியில் இருந்த ஒரு அமெரிக்கப் பெண், ஊருக்கு ஒரு தபால் அட்டை எழுதினாள். இங்கே எங்கு பார்த்தாலும் அழுக்கு, ஆதிகால வாழ்க்கை என்கிற மாதிரி. அட்டை தபாலில் சேரும் முன் கீழே விழுந்து, அங்குள்ள மாணவர்கள் கையில் சிக்கியது. பிரதி எடுத்து வளாகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். பெரும் போராட்டம் வெடித்தது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாடு திரும்பினாள். அவள் எழுதியதில் பொய் இருந்ததா என்பது வேறு விஷயம். வீட்டுக்காரர் படித்துவிட்டால் விருந்தாளி முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

இந்தியாவுக்கு அந்தப் படை வர நேரு சம்மதித்தபோது, இங்கே வரும் இளைஞர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதையும் நாசூக்காக உணர்த்தினாராம். முதல் குழு 1961 டிசம்பரில் பஞ்சாபுக்கு வந்தது. கோழிப் பண்ணை, விவசாயம், பள்ளி, சுகாதாரம் என்று பல துறைகளில் வேலை செய்தார்கள். 1976-ல் அமைதிப் படை இந்தியாவை விட்டு வெளியேறியது.

விக்ரோலி அம்மாள்

அவர்களில் ஒருவர் நம்ம விக்ரோலியில் இருந்தவர். லோக்கல் ரயிலில் காட்கோபருக்கு அடுத்த ஸ்டேஷன்! லிலியன் கார்ட்டர். 1898 ஆகஸ்ட் 15-ல் பிறந்தவர், நர்ஸ், கணவரை இழந்தவர். வயது ஒரு தடையல்ல என்ற தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தார். மராத்தி கற்றுக்கொண்டு, 1966 கடைசியில், அறுபத்தெட்டு வயதில், விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு மருத்துவ நிலையத்தில் ஊசி போடுவது, நோயாளிகளைக் கவனிப்பது. வந்த புதிதில் வறுமையையும் நோயையும் கண்டு திணறியதைத் தம் கடிதங்களில் மறைக்காமல் எழுதினார். 1968-ல் ஊர் திரும்பினார். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் 1977-ல் அமெரிக்க ஜனாதிபதியானார். அதே ஆண்டு பிப்ரவரியில் பக்ருதீன் அலி அகமதின் இறுதிச் சடங்குக்கு அமெரிக்கத் தரப்பில் வந்த லிலியன் அம்மாள், விக்ரோலியையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் பம்பாய்க்கு வந்தது 1974-ல். மாதுங்காவில் மெஸ், பக்கத்திலேயே கோயில், ஆபீசில் பாதிப் பேர் தமிழர். பத்து வருஷம் "கிதி?", "நக்கோ" என்ற இரண்டு சொல்லிலேயே காலத்தை ஓட்டினேன். நம்மில் பலருடைய கதை இதுதானே? பிழைக்க வந்த நான் தள்ளிப்போட்ட மொழியை, தொண்டு செய்ய வந்த பாட்டி வருமுன்பே படித்துவிட்டு வந்திருக்கிறார்.

சரக்காகிப்போன தொண்டு

பிற்பாடு கேப் இயர் ஒரு வியாபாரமாகவும் வளர்ந்தது. 2000-ல் இளவரசர் வில்லியம் சிலி நாட்டுக்குப் போய்ப் பத்து வாரம் தொண்டு செய்த படங்கள் உலகமெங்கும் வெளிவந்தன. இரண்டு வருஷம் இருந்தது இரண்டு வாரம்வரை சுருங்கியது. படி வாங்கிக்கொண்டு போனவர்கள் இருந்த இடத்தில், பணம் கட்டிப் போகிறவர்கள் வந்தார்கள். பணம் கட்டுகிறவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் கேட்கும் சரக்கைக் கடைக்காரர் வைத்தாக வேண்டும்.

கம்போடியாவில் அந்தச் சரக்கு குழந்தைகள். 2005-ல் 154 ஆக இருந்த அநாதை இல்லங்கள் 2010-ல் 269 ஆயின. போர் முடிந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகு அநாதைகள் எங்கிருந்து வந்தார்கள்? அந்த நாட்டு அரசும் யுனிசெஃபும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது தெரிந்தது. வறுமையைக் காட்டிப் படிப்பு ஆசை காட்டி வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். 2017-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு, நவீன அடிமைமுறை பற்றிய விசாரணையில் இந்த அநாதை இல்ல வியாபாரத்தையும் சேர்த்தே விசாரித்தது. மாதம் ஒரு புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடுபடும்!

மூன்று கேள்வி

இத்தனையும் படித்த பிறகு பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கடன் மனு பார்க்கிற பழக்கத்தில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். உன்னைக் கூப்பிட்டது யார்? அவங்க பாஷை உனக்குத் தெரியுமா? நீ திரும்பி வந்தப்புறம் அந்த வேலையை யார் செய்வாங்க? அவள் அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டாள். பதிலுக்கு இன்னொரு வண்ணக் கையேடும், பத்து சதவீதத் தள்ளுபடியும் வந்தன. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீங்க சொல்றது சரி தாத்தா. ஆனா நான் போகத்தான் போறேன்" என்றாள்.

மாப்பிள்ளையிடமும் ஒன்று சொன்னேன். "நீட்டுக்கு ஒரு வருஷம் டிராப் எடுத்துட்டுக் கோட்டாவுல உக்காந்தா அதை நாம வீண்னு சொல்றதில்லையே?" அவர் பதில் சொல்லவில்லை.

வழி எங்கள் வாசலிலேயே இருந்தது. எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் மேற்கு நேபாளத்து மலைக் கிராமத்தவர். அவர் மைத்துனர் ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியர். சின்ன வகுப்புக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரும் ஆசிரியைக்கு ஒத்தாசையாக ஒரு ஆள் இருந்தால் தேவலை என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். என் பேத்தியைப் பற்றிச் சொன்னதும் வந்த பதில்: "ஒரு மாசத்துக்குன்னா வேண்டாம். வருஷப் பரீட்சை முடியற வரைக்கும் இருக்கறதா இருந்தா வரட்டும்." வண்ணக் கையேடு எதிலும் இப்படி ஒரு வரியை நான் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் கேட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இரண்டு மாதம் நேபாளி படித்தாள். 1950 ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் நமக்கு அங்கே விசா தொல்லை இல்லை.

மாப்பிள்ளைதான் லீவு போட்டு கோரக்பூர் வழியாக எல்லைவரை கொண்டுபோய் விட்டார். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அவள் அங்கேதான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள். முதல் மாதம் யாருக்கும் எதுவும் சொல்லித்தரவில்லையாம். குழந்தைகள்தான் அவளுடைய நேபாளியைத் திருத்தினார்களாம். "அம்மாகிட்ட சொல்லுங்க தாத்தா. இங்கேயும் நம்ம ஊர் மாதிரிதான். பார்த்ததும் சாப்பிட்டாச்சான்னுதான் கேக்கறாங்க."

ஒரு வருஷம் வீணாகவில்லையே என்று மாப்பிள்ளை இன்னமும் என்னைக் கேட்கிறார். அந்தப் பள்ளியில் பரீட்சை முடியட்டும், தலைமை ஆசிரியரையே கேட்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.