மதுரைக் கோட்டையும் வாசல்களும்

மதுரைக் கோட்டை: மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலையும் அதைச் சூழ்ந்த நகரையும் உள்ளடக்கி, வைகையின் தென்கரையில் நின்ற மதிலரண். 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர்களால் எழுப்பப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இடிக்கப்பட்டது. கோட்டையின் அமைப்பை நகரின் வீதிகளிலும், கீழவாசல், மேலவாசல், தெற்குவாசல் முதலிய பகுதிப் பெயர்களிலும் இன்றும் காணலாம்.

பழங்காலம்

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி அகழியும் மதிலும் சூழ்ந்த நகரையும், அதன் நாளங்காடி, அல்லங்காடிகளையும் விரிவாகப் பேசுகிறது. சிலப்பதிகாரமும் மதுரையின் மதிலையும் வாயிலையும் குறிப்பிடுகிறது. அவை சொல்லும் நகரம் இன்றைய இடத்திலேயே இருந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இடைக்காலப் பாண்டியரின் கோட்டை பின்னதைவிடச் சிறியது. ஏறத்தாழ இன்றைய ஆவணி மூல வீதிகளின் அளவில் இருந்திருக்கலாம் என்பர். கோயிலுக்குக் கிழக்கே, புதுமண்டபத்தை அடுத்துள்ள விட்டவாசல் அக்கோட்டையின் எச்சம் என்பது ஊர் வழக்கு. அது பிற்காலக் கட்டுமானம் என்று கருதுவோரும் உள்ளனர். 1311இல் மாலிக் கபூரின் படையெடுப்பும், அதன்பின் சுல்தான்களின் ஆட்சியும், 1370களில் விசயநகர வெற்றியும் நிகழ்ந்தன.

நாயக்கர் காலம்

பாண்டியர் மதிலை அகற்றிவிட்டு இரட்டை மதிலும் அகழியும் கொண்ட பெருங்கோட்டையைக் கட்டியவர் விசுவநாத நாயக்கர். அவர் ஆட்சி தொடங்கியது 1529இல் என்பது சத்தியநாதய்யரின் கணிப்பு. 1559 என்பது நெல்சனின் கணிப்பு. கோட்டையில் 72 கொத்தளங்கள் இருந்தன என்றும், தளவாய் அரியநாத முதலியார் அவற்றை 72 பாளையக்காரர்களிடம் ஆளுக்கொன்றாகக் காவலுக்கு ஒப்படைத்தார் என்றும் மரபு கூறுகிறது. இன்றைய சாத்தூர் வட்டாரத்து ஏழாயிரம்பண்ணையும் அதற்குத் தெற்கேயுள்ள எட்டயபுரமும் பாளையங்களாகப் பெயர் பெற்றவை. எனினும் 72 பாளையங்களின் பட்டியல்கள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை.

கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர் தாங்கிய சதுர வீதிகள் அடுக்கடுக்காக அமைந்தன. மாசியில் நடந்துவந்த திருக்கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பர். சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவதற்கு இதையே காரணமாகக் காட்டுகின்றனர். புதுமண்டபம், முற்றுப்பெறாத இராயகோபுரம், வண்டியூர்த் தெப்பக்குளம், மகால் ஆகியவை அவர் காலத்தவை. மகாலை வடிவமைத்தவர் இத்தாலியர் என்ற செய்தி பரவலாக இருந்தாலும் உறுதிப்படவில்லை. அரண்மனைத் தொகுதியின் சிதைவான பத்துத்தூண், துணிக்கடைகள் நெருங்கிய சந்தில் நிற்கிறது.

முற்றுகை

நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்தது. ஆர்க்காட்டு நவாபையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரையும் எதிர்த்து மருதநாயகம் என்னும் யூசுப்கான் 1763–64இல் இக்கோட்டையைக் காத்து நின்றார். முதல் முற்றுகை மழைக்காலத்தில் கைவிடப்பட்டது. மறு ஆண்டின் நேரடித் தாக்குதலும் தோற்றது. உணவுப்பொருள் வரத்தைத் தடுத்த பின்னரே, உடனிருந்தோரால் காட்டிக்கொடுக்கப்பட்டு அவர் பிடிபட்டார். 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். பீரங்கிக்கு இக்கோட்டை விழவில்லை என்பது இதன் வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தி.

இடிப்பு

1801இல் மதுரை முழுமையாகக் கும்பினி ஆட்சிக்குள் வந்தபின் கோட்டைக்குப் படைப் பயன் இல்லாமல் போயிற்று. அகழி நீர் தேங்கிப் பாழ்பட்டது. மதிலுக்குள் மக்கள் நெருக்கம் மிகுந்தது. 1809–1811இல் தென்மாவட்டங்களில் பரவிய கொடிய காய்ச்சலின் நினைவும் அதிகாரிகளின் மனத்தில் இருந்தது.

1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முனைந்தார். அதற்கு அவர் கையாண்ட வழி எளியது: மதிலின் ஒரு பகுதியை இடித்து அகழியை நிரப்புவோருக்கு அந்நிலத்தில் மனை உண்டு. இடித்த மண்ணும் கல்லும் அருகிலிருந்த பள்ளத்துக்கே போயின. இவ்வாறு கிடைத்த நிலத்தில் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று மூன்று அடுக்கு வீதிகள் உருவாயின. மாரட் நில அளவையாளர். பெருமாள் மேஸ்திரி வேலையை முன்னின்று நடத்தியவர். மன்னர்களும் தெய்வங்களும் பெயர் கொடுத்த நகரில் ஒரு மேஸ்திரியின் பெயர் நாற்புறமும் வீதியாக நிலைத்திருப்பது தனிச்சிறப்பு. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் மதிலை இடித்து வட்டச்சாலை அமைக்க ஆணை பிறந்தது 1857இல்தான். மதுரை அதற்கு முன்பே அவ்வேலையைத் தொடங்கிவிட்டது.

பிளாக்பர்னின் நினைவாக ஊரார் எழுப்பிய விளக்குத்தூண் கீழமாசி வீதியருகே இன்றும் நிற்கிறது. இடிப்பால் காற்றும் வழியும் கிடைத்தன என்று அக்கால ஆவணங்கள் போற்றுகின்றன. இழந்த மதிலின் முழுமையான அளவுகளை முன்னமே பதிந்திருக்கலாம் என்ற குறையும் பின்னால் வந்தோரிடம் உண்டு.

பாலமும் இருப்புப்பாதையும்

மதில் போனபின் நகரம் நாற்புறமும் பரந்தது. 1875இல் திருச்சியிலிருந்து இரயில் வந்தது. 1876இல் அப்பாதை விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர் வழியே தூத்துக்குடி வரை நீண்டது. சாத்தூர்ப் பக்கத்துப் பயணி அதன்பின் கோட்டை இருந்த இடத்தின் மேற்குப் புறத்தில், இராணி மங்கம்மாள் சத்திரத்துக்கு எதிரே வந்து இறங்கினார். வைகையின் குறுக்கே விக்டோரியா அரசியாரின் பேரன் ஆல்பர்ட் விக்டரின் பெயரால் 1889இல் அமைந்த ஏ.வி. பாலம், கோரிப்பாளையத்தையும் பழைய நகரையும் இணைத்தது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவது இப்பாலத்தின் அருகில்தான்.

அண்மைக் காலம்

2018 பிப்ரவரி 2இல் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து ஏற்பட்டது. புதுமண்டபக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரியார் பேருந்து நிலையம் புதிதாகக் கட்டப்பட்டது. நாயக்கர் கோட்டையின் குறிப்பிடத்தக்க எச்சமான மேற்குக் கொத்தளம் அந்நிலையத்தின் அருகில் உள்ளது.