கொலைக்கு அப்புறம் என்ன? ‘சுழல்’ இரண்டாம் சீசனும் கண்ணகி மலையும்

இந்த எபிசோடுல கொஞ்சம் சண்டைக்கு வர்ற மாதிரி ஒரு விஷயம் பேசப் போறேன். ‘சுழல்’ இரண்டாவது சீசன் நல்ல சீசன்தான். இதைச் சொன்னாலே என் நண்பர்கள்ல பாதிப் பேர் போனை வெச்சுடுறாங்க. கொலைகாரர் யாருங்கிறதை நான் சொல்லப் போறதில்லை. ஆனா முதல் சீசனோட முடிவைத் தொட்டுத்தான் பேசணும். இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து கேளுங்க.

முதல்ல கதை எங்கே நின்னதுன்னு பார்த்துடுவோம். 2022 ஜூன்ல முதல் சீசன் வந்தது. புஷ்கர் - காயத்ரி உருவாக்கினது. சாம்பலூர்ங்கிற கற்பனை ஊர், ஒரு சிமெண்ட் ஆலை, மயானக் கொள்ளைத் திருவிழா. கடைசியில ஐஸ்வர்யா ராஜேஷ் நடிச்ச நந்தினி, தன்னையும் தங்கச்சியையும் சிதைச்ச ஆளைத் தன் கையாலேயே கொன்னுடுவா. கணக்கு தீர்ந்துச்சுன்னு நாமளும் மூச்சு விட்டோம்.

2025 பிப்ரவரியில இரண்டாவது சீசன் வந்தது. ஊர் மாறிடுச்சு. காளிபட்டினம்னு ஒரு கற்பனைக் கடலோர ஊர், அங்கே அஷ்டகாளித் திருவிழா. நந்தினி ஜெயில்ல இருக்கா. அவளுக்காக வாதாடுற வக்கீல் செல்லப்பா, உள்பக்கம் பூட்டின வீட்டுல செத்துக் கிடக்கார். எட்டு இளம்பெண்கள் தனித்தனியா வந்து, “நான்தான் கொன்னேன்”னு சொல்றாங்க. இங்கேதான் ரசிகர்கள் ரெண்டா பிரிஞ்சாங்க. ஆள் கூட்டம் அதிகம், பழைய ஊரைக் காணோம், முடிச்சை அவிழ்த்த விதம் நம்பும்படி இல்லைன்னு ஒரு தரப்பு. அதுல நியாயம் இருக்கு. கடைசி எபிசோடுகள்ல விளக்கம் கூடிப்போச்சுன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா “முடிஞ்ச கதையை ஏன் இழுக்கணும்?”னு கேட்கிறாங்க பாருங்க, அந்தக் கேள்வியோடதான் எனக்குச் சண்டை.

ஏன்னு சொல்ல உங்களைத் தேனி மாவட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். கம்பம் பள்ளத்தாக்கோட தெற்குக் கோடியில, கூடலூருக்கு மேல, தமிழ்நாடு - கேரள எல்லையில மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கு. வருஷத்துல ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்னைக்குத்தான் மக்களை மேலே விடுவாங்க. குமுளியிலேருந்து ஜீப்புல போகலாம். பளியங்குடி வழியா நடந்தும் ஏறலாம். அந்த ஒரு நாளுக்கு ரெண்டு மாநில அதிகாரிகளும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்வாங்க. 1963-ல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், சிலப்பதிகாரத்துல கண்ணகி போன வழியைத் தேடிக்கிட்டே வந்து, அவள் கடைசியா ஏறின குன்று இதுதான்னு அடையாளம் காட்டினார்.

இப்ப சிலப்பதிகாரத்தை ஒரு க்ரைம் கதையா யோசிச்சுப் பாருங்க. சிலம்பு திருட்டு, பொய்ப் புகார், விசாரணையே இல்லாம ஒரு கொலை. பிறகு ஒரு பொண்ணு சபையில ஆதாரத்தை உடைச்சுக் காட்டுறா. ராஜா செத்து விழறான், மதுரை எரியுது. சரியான சீசன் ஃபினாலே! ஆனா நூல் அங்கே முடியலை. மொத்தம் 30 காதைகள். புகார்க் காண்டத்துல 10, மதுரைக் காண்டத்துல 13. அதுக்கு அப்புறமும் வஞ்சிக் காண்டம்னு 7 காதைகள் இருக்கு. ஊரும் மாறுது, ஆட்களும் மாறுறாங்க. கோவலனுக்குப் பதிலா சேரன் செங்குட்டுவன். அந்தக் காண்டமே பிற்சேர்க்கைன்னு வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. “இரண்டாவது சீசன் எதுக்கு?”ங்கிற கேள்வி நமக்குப் புதுசு இல்லை.

அந்த ஏழு காதையில என்னதான் இருக்கு? மதுரையை எரிச்சவ மலையில ஒரு வேங்கை மரத்தடியில நிக்கிறா. அவளை யாருன்னு கேட்கிறது மலையில இருக்கிற குறவர்கள். அவளைத் தெய்வமா முதல்ல கொண்டாடுறதும் அவங்கதான், அரசன் இல்லை. அப்புறம் மாடலன்னு ஒருத்தர் வந்து, மிச்ச செய்திகளைச் சொல்றார். கோவலனோட அம்மா துக்கத்துல செத்துட்டாங்க. அப்பா சொத்தையெல்லாம் தானம் பண்ணிட்டுத் துறவியாயிட்டார். மாதவி துறவு வாங்கிட்டா. கொற்கையில வெற்றிவேற் செழியன்ங்கிற பாண்டியன், கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்திருக்கான்.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. ஏமாத்தினது ஒரு பொற்கொல்லன். செத்தது ஆயிரம் பேர். அதுவும் விழா எடுத்து. மதுரைக் காண்டத்தோட புத்தகத்தை மூடியிருந்தா, நியாயம் கிடைச்சுடுச்சுன்னு நிம்மதியா எழுந்து போயிருப்போம். அந்த நியாயத்துக்கு யார் யார் விலை கொடுத்தாங்கன்னு அதுக்கு அப்புறம்தான் தெரியுது.

‘சுழல்’ இரண்டாவது சீசனும் இதைத்தான் செய்யுது. நந்தினி கொன்னப்போ கைதட்டினோம். ஆனா அவளுக்குக் கைதட்டல் கிடைக்கலை, ஜெயில்தான் கிடைச்சது. அவள் எதுக்காகக் கொன்னாளோ, அது மாதிரி காயம் எத்தனை பொண்ணுங்ககிட்ட இருக்குன்னு கேட்கத்தான் அந்த எட்டுப் பேரும் அதே ஜெயிலுக்கு வர்றாங்க. “ஆள் கூட்டம் அதிகம்”னு சொல்றோம் இல்லையா? எனக்கு அந்தக் கூட்டம்தான் கதை. முதல் சீசன்ல ஒரு வீட்டுப் பிரச்சினையாத் தெரிஞ்சது, இங்கே அப்படி இல்லைன்னு புரியுது.

‘தி வயர்’ தொடருக்கும் இதே கதிதான். 2003-ல் இரண்டாவது சீசன், போதைப்பொருள் விக்கிற தெருமுனையை விட்டுட்டு பால்டிமோர் துறைமுகத் தொழிலாளர்கள் பக்கம் போச்சு. அப்ப முகம் சுளிச்ச பலர், பின்னாடி அதைத் திரும்பப் பார்த்துப் பாராட்டினாங்க.

அதுக்காக ‘சுழலும்’ சிலம்பும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. திரைக்கதையில ஓட்டை இருந்தா ஓட்டைதான். ஆனா பழிவாங்கின பொண்ணை அந்த நொடியிலேயே உறைய வெச்சு, சிலையாக்கிட்டு நகர்ந்து போறது நமக்கு ரொம்ப வசதியா இருக்கு. அதுக்கு அப்புறம் அவள் எங்கே தூங்கினா, யார்கிட்ட பேசினான்னு கேட்கிற கதை பக்கம் நாம போறதே இல்லை. அந்த மலைக்கும் வருஷத்துல ஒரு நாள்தானே போறோம்.

அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு முடிஞ்சா கூடலூர் பக்கம் போயிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி அந்த எட்டு எபிசோடையும் இன்னொரு தடவை பாருங்க. இந்தத் தடவை “யார் கொன்னது?”ன்னு தேடாம, “அதுக்கு அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு?”ன்னு கேட்டுக்கிட்டே பாருங்க. பார்த்துட்டும் பிடிக்கலைன்னா, அப்ப வந்து என்னோட சண்டை போடுங்க.