ரேங்கர்களுக்கான போட்டி: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஜூனியர் கல்லூரிகளின் ஆள்சேர்ப்பு

ஆந்திரப் பிரதேச மாநிலப் பாடத்திட்டத்தில் பள்ளிப் படிப்பு பத்தாம் வகுப்போடு முடிகிறது. அடுத்த இரண்டு ஆண்டு 'இன்டர்மீடியட்' படிப்பைப் பெரும்பாலும் ஜூனியர் கல்லூரியில்தான் படிக்க வேண்டும். 1969-70 கல்வியாண்டில் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு 1971-இல் தனி வாரியம் அமைந்தது. தமிழ்நாட்டில் 1978-இல் வந்த பிளஸ் டூ மேல்நிலைப் பள்ளிக்குள்ளேயே இடம்பெற்றதால், அங்கே ஒரு பிள்ளை படித்த பள்ளியிலேயே தொடரலாம். ஆந்திரத்தில் அந்த வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு கோடையிலும் பத்தாம் வகுப்பு முடித்த தலைமுறை முழுவதும் ஒரே நேரத்தில் இடம் மாறுகிறது. தனியார் கல்லூரிகளின் ஆள்சேர்ப்புப் போட்டிக்கு நிறுவனங்களின் பேராசையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தப் பேராசைக்கு ஆண்டுதோறும் சந்தை திறந்துவைப்பது இந்த அமைப்புதான்.

சந்தையின் இரு பெரும் பெயர்கள் 1979-இல் நெல்லூரில் தொடங்கிய நாராயணாவும், 1986-இல் விஜயவாடாவில் தொடங்கிய ஸ்ரீ சைதன்யாவும். பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கான எம்செட் தேர்வை ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்தத் தொடங்கியதும் அதே 1986-இல்தான். அந்தச் சேர்க்கையில் இன்டர் மதிப்பெண்ணுக்குப் பல ஆண்டுகள் 25 விழுக்காடும் நுழைவுத் தேர்வுக்கு 75 விழுக்காடும் எடை தரப்பட்டன. ஆகவே இன்டர் கல்லூரியின் தரத்தை அளக்கும் ஒரே கோலாக 'ரேங்க்' மாறியது. பிற்காலத்தில் இரு நிறுவனங்களும் கைகோத்துச் சில ஆண்டுகள் 'சைனா' என்ற பெயரில் சிறப்பு வகுப்புகள் நடத்தியதும் உண்டு. போட்டி செலவு மிகுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை.

குப்பம், பலமநேர், புங்கனூர், ஸ்ரீகாளஹஸ்தி முதலிய ஊர்களின் பிள்ளைகள் திரளும் இடம் திருப்பதி. 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கல்லூரிகளும் அதை முன்பே கல்வி நகரமாக்கியிருந்தன. தனியார் விடுதிக் கல்லூரிகள் அந்தப் பெயரின் மேல் வந்து அமர்ந்தன. நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலூரும் சென்னையும் எட்டும் தூரம்தான். ஆனால் 1974-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, உயர்கல்வி இடங்களில் 85 விழுக்காடு உள்ளூர் மாணவர்களுக்கு உரியது. யார் உள்ளூர் என்பதை முடிவுசெய்வது பேசும் மொழியன்று, முந்தைய ஆண்டுகளில் படித்த ஊர். எனவே எல்லை தாண்டிப் படிக்கும் பிள்ளை தன் 'எஸ்.வி.யூ. பகுதி' (ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதி) உரிமையை இழக்கும் அபாயம் உண்டு. கல்லூரிகளுக்குக் கலையாத ஒரு மாணவர் திரளை இந்த விதி உறுதிசெய்கிறது.

ஆள்சேர்ப்புக்கு வட்டாரப் பெயர் 'கேம்பெயின்'. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே அது தொடங்கிவிடும். பி.ஆர்.ஓ. எனப்படும் தொடர்பாளர்கள் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலைத் திரட்டி வீடு வீடாகச் செல்வார்கள். விரிவுரையாளர்களுக்கும் சேர்க்கை இலக்கு வைக்கப்படுவதுண்டு. பேச்சின் மையம் 'கன்செஷன்'. உதவித்தொகைத் தேர்விலோ பள்ளி மதிப்பெண்ணிலோ மேலே இருப்பவருக்குக் கட்டணத்தில் பாதி குறையும். உச்சியில் இருப்பவருக்குக் கட்டணமும் விடுதிச் செலவும் முழுவதும் தள்ளுபடியாகலாம். சேர்ந்த பிறகும் தரம்பிரிப்பு ஓய்வதில்லை. 'சூப்பர் 60' போன்ற தேர்ந்தெடுத்த பேட்சுகளுக்குச் சிறந்த ஆசிரியர்கள் போகிறார்கள். மற்றவர்கள் சாதாரண செக்‌ஷன்களில் அமர்கிறார்கள்.

இந்தச் சலுகையை ஏழைத் திறமைசாலிக்குக் கிடைத்த கொடை என்று பார்ப்போர் பலர். அதில் உண்மை இல்லாமலில்லை: கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் ஐ.ஐ.டி.க்குப் போனதற்கு இந்த வழி உதவியிருக்கிறது. ஆயினும் பணம் வரும் திசையைப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரியும். இலவசமாகப் படிக்கும் ரேங்கரின், அதாவது உயர்ந்த ரேங்க் வாங்கும் மாணவரின், செலவை ஈடுகட்டுவது முழுக் கட்டணம் செலுத்தும் சராசரி மாணவரின் குடும்பம். அந்தக் குடும்பத்தைக் கல்லூரிக்கு இழுத்ததோ முந்தைய ஆண்டு ரேங்கரின் புகைப்படம். அதாவது ரேங்கர் வாடிக்கையாளர் அல்லர், விளம்பரத்தின் மூலப்பொருள். தன் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைக்காத வகுப்பறையின் வெற்றியைப் பார்த்துத்தான் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். முன்பே முதல் வரிசையில் இருந்த பிள்ளையைச் சேர்த்து முதல் வரிசையில் நிறுத்துவது கற்பித்தலின் சாதனையா, தேர்வின் சாதனையா என்பதை அந்த விளம்பரம் சொல்வதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்தோடு (காலைவிடக் கைக்கே அதிக வேலை உள்ள ஆட்டம் அது) ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அலபாமா, ஆபர்ன் போன்ற பரம எதிரிகள் பள்ளி ஆட்டக்காரர்களுக்காக மோதுவதும், பயிற்சியாளர்கள் வீடு தேடி வருவதும், பெற்றோரின் மனதைக் கரைப்பதும் திருப்பதிக்காரருக்குப் புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே எந்த மாதத்தில் சந்திக்கலாம், எப்போது நெருங்கவே கூடாது என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் நாட்காட்டி வரையறுக்கிறது. முதல்நிலை அணிக்கு 85 உதவித்தொகை என்ற உச்சவரம்பு அண்மைக்காலம் வரை இருந்தது. ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்த தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் 1987-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடவே தடை பெற்றது. 2021 முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் முடிகிறது. சித்தூர் மாணவியின் புகைப்படம் பேருந்தின் பின்புறத்தில் ஓடினாலும் அதன் வருவாயில் அவருக்குப் பங்கு இல்லை.

இதே வட்டாரத்தில் விளையாட்டு வீரர்களுக்காகக் கல்லூரிகள் இப்படி மோதுவதில்லை. திறமைப் பஞ்சம் அதற்குக் காரணமன்று. இந்திய அணிக்கு ஆடிய ஹாக்கி கோல்கீப்பர் ரஜனி எதிமார்பு அப்போதைய சித்தூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். காரணம் வேறு: தொழிற்படிப்புகளில் விளையாட்டு ஒதுக்கீடு அரை விழுக்காடு மட்டுமே. அந்த இடங்களும் முன்னுரிமைப் பட்டியல்படி கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன, கல்லூரி ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. பொறியியலில் 70 விழுக்காடான கன்வீனர் கோட்டாவும் (அரசுக் கலந்தாய்வில் நிரப்பும் இடங்கள்) அப்படியே. இடத்தை மையமாக ஒதுக்கும்போது ஆள்பிடிப்பு தளர்கிறது. கல்லூரியே இடம் கொடுக்கும் இன்டர் நிலையில்தான் அது கொழிக்கிறது.

இதை உணர்ந்துதான் போலும், இன்டர் சேர்க்கையையும் இணையவழிக்குக் கொண்டுவர ஆந்திர வாரியம் முயன்றது. 2021-இல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கு முன் 2001-இல் நீரதா ரெட்டி குழுவும் 2017-இல் சக்ரபாணி குழுவும் கார்ப்பரேட் கல்லூரிகளின் நெருக்கடியையும் மாணவர் தற்கொலைகளையும் ஆராய்ந்தன. அவை முக்கியமாக விடுதிக்குள் நடப்பதைப் பார்த்தன. விடுதியை நிரப்பும் விளம்பரத்தைத் தொட்ட நடவடிக்கைகளும் உண்டு. தமிழ்நாடு 2017-இல் பொதுத்தேர்வுத் தரவரிசை அறிவிப்பையே நிறுத்தியது. நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகள் வளர்ந்ததும் ஏறக்குறைய இதே முறையில் என்பதால் அந்த முடிவு குறியைத் தாக்கியது. ஆந்திரம் 2022-இல் பத்தாம் வகுப்பு ரேங்க் விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024 நவம்பர் வழிகாட்டுதல்கள், தேர்ச்சிக்குப் பிறகு எழுத்துபூர்வமான ஒப்புதல் பெறாமல் மாணவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. அவர் எந்தப் படிப்பில் சேர்ந்திருந்தார் என்பதையும் விளம்பரத்தில் வெளியிட வேண்டும்.

வீட்டு வாசலில் பி.ஆர்.ஓ.வைத் தடுப்பதைவிட இந்தக் கடைசி விதி வலுவானது, ஏனெனில் அது மூலப்பொருளின் விலையைக் குறைக்கிறது. ஆனால் ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. தேர்வின் ரேங்க் தேசிய அளவிலானது. மாநில அரசு அதை அறிவிக்காமல் நிறுத்த முடியாது. போட்டியும் இதற்குள் கீழிறங்கிவிட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் சொன்னது. நாராயணா, ஸ்ரீ சைதன்யா போன்ற நிறுவனங்களின் 'டெக்னோ' பள்ளிகளோ பள்ளிகளாக அங்கீகாரம் பெற்றவை. அங்கே ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. அடிப்படைப் பாடம் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு முடியும்போது அந்தப் பிள்ளையைத் தேடி யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.