உப்புக் கணக்கில் அகப்படாத மாந்தள்

பாலக்காட்டு எல்லைப்புற வீடுகளில் உலர்ந்த மாந்தளை முழுமீனாகப் பொரித்து, அம்மியில் அரைத்த பச்சைத் துவையலோடு உண்கிறார்கள். இதைத் ‘தொன்மையான மண்ணின் உணவு’ என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கடலே இல்லாத ஊரில் கடல்மீன் எவ்வாறு மண்ணின் உணவாயிற்று என்பதன்றோ முதற்கேள்வி?

தமிழில் நாக்குமீன் எனப்படும் இனத்தைச் சேர்ந்தது மாந்தள். இரு கண்களும் இடப்பக்கத்திலேயே அமைந்த தட்டைமீன். ஒரு சாண் நீளத்தை எட்டுவதே அரிது. துண்டு போட இடமில்லாததால் முழுமீனாகவே எண்ணெயில் விழுகிறது. ஆவணம் தேடும் மாணவர்களுக்கு ஒரு சொல்: சேஷப்பாவும் பீமாச்சாரும் 1955இல் வெளியிட்ட முதன்மையான ஆய்வு, இம்மீனைப் பிரான்சிஸ் டே சூட்டிய ‘செமிஃபாசியேட்டஸ்’ என்னும் பெயரால் குறிக்கிறது. பின்னரே அது நார்மன் 1928இல் விவரித்த ‘மாக்ரோஸ்டோமஸ்’ எனத் தெளிவாயிற்று. இரு பெயர்களிலும் தேடவேண்டும்.

தென்மேற்குப் பருவமழை தணியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மலபார்க் கரையில் மாந்தள் மிகுதியாகக் கிடைக்கும். 1861இல் பேப்பூரிலிருந்து திரூர் வரை ஓடிய இருப்புப் பாதை, அடுத்த ஆண்டே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து போத்தனூரை எட்டியது. பரப்பனங்காடி, தானூர் முதலிய மீன்பிடி ஊர்கள் அப்பாதையின் ஓரத்திலேயே உள்ளன. தலைச்சுமையும் மாட்டுவண்டியும் சுமந்த கருவாட்டுக்கு அதன்பின் விரைவான வழி ஒன்று வாய்த்தது.

அக்காலத்தில் உப்புக்கு வரி கடுமை. மீன் பதனிடும் தொழிலை அவ்வரி நசுக்குவதை டே தம் 1873ஆம் ஆண்டு அறிக்கையில் விவாதித்தார். பின்னர் சென்னை மாகாண அரசு வேலியிட்ட பதனிடு முற்றங்களை அமைத்து, அவற்றுள் மட்டும் சலுகை விலையில் உப்பு வழங்கியது. முற்றத்துக்கு வந்த மீனுக்குக் கணக்கு உண்டு. மாந்தளோ மெலிந்த உடலுடையது. உப்பு மிகக் குறைவாகவோ உப்பே இன்றியோ மணலில் காய்ந்துவிடும். முற்றத்தின் கணக்கேட்டை மட்டும் நம்பி மலபாரின் கருவாட்டு வரலாற்றை எழுதுவோர், ஏழையர் உண்ட இம்மீனைத் தவறவிடுவர் என்பது என் கருத்து. வரி எட்டாத பொருளை ஆவணமும் எட்டுவதில்லை.

துவையலின் நிலை இன்னும் மோசம். கொத்துமல்லி, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், புளி, பச்சைமிளகாய் எனக் கொல்லையிலும் சந்தையிலும் கிடைத்ததை அரைப்பது அது. எந்த அலுவலரும் அதை எழுதிவைக்கத் தேவையிருக்கவில்லை. ஆயினும் அதில் காலக்குறி ஒன்று உண்டு. மிளகாய் போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே இங்கு வேரூன்றியது. இடுக்கி மலைகளில் இதே இடத்தைக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி பிடித்துக்கொண்டது. துணைக்குக் கப்பைக் கிழங்கு. அக்கிழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள்.

1956 வரை மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்ததால், இதற்கான கோப்புகளைச் சென்னையிலும் தேடவேண்டும். கருவாட்டுக் கடைகளின் பழைய வரவுசெலவுக் குறிப்பேடுகள் எவர் வீட்டுப் பரணிலேனும் இருந்தால், பழந்தாளாக எடைக்குப் போடுமுன் தெரிவியுங்கள்.