இலத்தீனின் ஆறாம் வேற்றுமையும் நம் ஐந்தாம் வேற்றுமையும்

இலத்தீன் மொழிக்கு வேற்றுமை ஆறு. அவற்றுள் இறுதியானதை ஐரோப்பியர் 'அப்லேட்டிவ்' என்பர். 'அகற்றப்பட்டது' என்பதே அச்சொல்லின் அடிப்பொருள். கிரேக்கத்தில் அது இல்லாமையால், வார்ரோ என்னும் உரோமானியப் புலவர் அதற்கு 'இலத்தீன் வேற்றுமை' என்றே பெயரிட்டார். நம் ஐந்தாம் வேற்றுமைக்கு அது நெருங்கிய உறவு.

இவ்வுறவு நம் நாட்டிலேயே ஆராயப்பட்டது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் இலத்தீனில் எழுதப்பெற்று, 1716இல் செருமனியின் ஆலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் என நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார் கொடுந்தமிழ் இலக்கணத்தையும் செந்தமிழ் இலக்கணத்தையும் இலத்தீனிலேயே யாத்தார். முன்னது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. கத்தோலிக்கத் துறவியின் நூலை லுத்தரன் சபையாரின் அச்சகம் வெளியிட்டது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

இலத்தீன் கற்றவர்க்குத் தமிழில் ஒரு வியப்பு காத்திருந்தது. 'கிளாதியோ' என்றால் வாளால். 'நோக்தே' என்றால் இரவில். 'ரோமா' என ஈற்றை நீட்டினால் உரோமிலிருந்து. மூன்றும் அங்கே ஒரே வேற்றுமை! பழைய கருவி வேற்றுமையும் இட வேற்றுமையும் நீங்கல் வேற்றுமையோடு கலந்துவிட்டதே காரணம். தமிழிலோ அவை முறையே மூன்றாவது, ஏழாவது, ஐந்தாவது. எனவே இலத்தீனின் ஒரு பெட்டியைத் தமிழுக்காகப் பலவாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. 'ஓடு' உருபுக்கு 'உடனிகழ்ச்சி அப்லேட்டிவ்' என்றொரு பெயரும் பின்னர் வழங்கியது.

நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் கூறுவார். அவற்றுள் மூன்று இலத்தீனோடு ஒத்துச் செல்வது எனக்கு என்றும் இன்பந் தருவது. 'தேனினும் இனிது' என நாம் கூறுமிடத்து, இலத்தீனும் தேனைக் குறிக்கும் 'மெல்' என்பதை 'மெல்லே' எனத் திரித்து அதே வேற்றுமையில் நிறுத்தும். சென்னையின் மேற்கு மணவாள நகர் என்று நான் வாழும் ஊரைக் குறித்தால் அது எல்லைப் பொருள். அங்கு மட்டும் இலத்தீன் 'அப்' என்னும் முன்னிடைச்சொல்லைத் துணைக்கு அழைக்கும்.

தமிழின் வேற்றுமைக் கணக்கு வடமொழியின் எட்டைப் பின்பற்றியது என்று 1856இல் கால்டுவெல் குறை கூறினார். 'ஆல்' உருபையும் 'ஓடு' உருபையும் ஒன்றாக வைத்ததை அவர் ஏற்கவில்லை. பின்னதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆயினும் அவ்விருவகைப் பொருளையும் இலத்தீனும் ஒரே வேற்றுமையில் அடக்கியதன்றோ?

தமிழிலும் ஒரு கலப்பு நேர்ந்தது. 'இல்' என்பது ஐந்தாவதற்கும் உருபு, ஏழாவதற்கும் உருபு. 'மரத்தில் வீழ்ந்த பழம்' என்றால் மரத்தைவிட்டு வீழ்ந்ததென்று இன்றைய மாணவன் கொள்ளான். அக்குழப்பத்தை இலக்கணிகள் தீர்க்கவில்லை. 'இருந்து' என்பதைச் சேர்த்துப் பேச்சு வழக்கே தீர்த்தது. 'இல், இன்' என்று மட்டும் ஒப்பிக்கச் செய்து, நாள்தோறும் நாவில் வழங்கும் 'இலிருந்து' என்பதை வகுப்பில் பேசாது விடுதல் தகாது. வீரமாமுனிவரின் தாய்மொழியாகிய இத்தாலியமும் இவ்வழியே சென்றது; அங்கே பழைய ஈறு அழிந்தபின், 'இருந்து' என்னும் பொருளைப் பெயர்க்கு முன்நின்று தருவது 'தா' என்னும் சிறு சொல்லே.